நான் திறந்த தளங்களின் பட்டியல் யாரிடம் இருக்கும்?

கேள்வி: இணைய சேவை நிறுவனங்கள் வாடிக்கையாளர்களின் பயன்பாட்டு விவரங்களை ஓராண்டு சேமித்து வைக்க வேண்டும் என்று ஒரு சட்ட வரைவு கருத்துக் கேட்புக்கு வந்திருக்கிறது. "உள்ளடக்கத்தைத் தொடமாட்டோம், இணைப்பு விவரம் மட்டும்தான்" என்கிறார்கள். அது சரியாக என்ன? பிரவுசரில் இன்காக்னிட்டோ போட்டுக்கொண்டால் போதாதா? நண்பர் வி.பி.என். (நம் இணைய இணைப்பை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பிவிடும் சேவை) வாங்கச் சொல்கிறார். 40 பேர் தங்கும் விடுதி ஒன்றை நடத்துகிறேன், அங்கே வைஃபை உண்டு. நானும் பதிவு வைக்க வேண்டியிருக்குமா? வரைவுக்குக் கருத்து அனுப்ப நினைக்கிறேன், எதை எழுதுவது?

பதில்: வரைவைக் கையில் எடுத்ததும் முன்னுரையைத் தாண்டிவிட்டு, சேமிக்க வேண்டிய விவரங்களின் அட்டவணைக்குப் போங்கள். இதுபோன்ற வரைவுகளில் அது பெரும்பாலும் பின்னிணைப்பில் இருக்கும். அதில் ஒன்றை மட்டும் தேடுங்கள்: "சேருமிடம்" என்று ஒரு கட்டம் இருக்கிறதா? "சேருமிட ஐ.பி. முகவரி", "அணுகிய சேவை", "இணைய இணைப்புப் பதிவு" என்று வேறு பெயரிலும் அது வரலாம். அந்தக் கட்டம் இல்லையென்றால், ஒரு குறிப்பிட்ட நேரத்தில் ஓர் ஐ.பி. முகவரி (இணையத்தில் ஓர் இணைப்பை அடையாளம் காட்டும் எண்) யாரிடம் இருந்தது என்ற குறிப்பைத்தான் நிறுவனம் வைத்திருக்கப்போகிறது. இருந்தால், நீங்கள் எங்கெல்லாம் போனீர்கள் என்ற நாட்குறிப்பை வைத்திருக்கப்போகிறது. இரண்டையும் "இணைப்பு விவரம்" என்ற ஒரே சொல்லில் கட்டித் தருவதில்தான் குழப்பமே தொடங்குகிறது.

நிறுவனத்தின் கண்ணுக்கு எது தெரியும் என்று முதலில் பார்ப்போம். நீங்கள் ஒரு தளத்தின் பெயரைத் தட்டியதும், அந்தப் பெயருக்கு உரிய எண் முகவரி என்ன என்று உங்கள் கருவி டி.என்.எஸ். சர்வரைக் கேட்கிறது. வழக்கமாக அந்தச் சர்வர் உங்கள் சேவை நிறுவனத்துடையதுதான். கேள்வியும் பூட்டில்லாமல், திறந்த அஞ்சலட்டை போல, 53ஆம் போர்ட் (ஒரே முகவரியில் பல இணைப்புகளைப் பிரித்துக் காட்டும் வாசல் எண்) வழியாகப் போகிறது. பிறகு தளத்தோடு இணைப்பு ஏற்படுகிறது. எச்.டி.டி.பி.எஸ். தளமென்றால் பக்கத்தின் உள்ளடக்கம், முகவரியில் சாய்கோட்டுக்குப் பின்னால் வரும் பகுதி, நீங்கள் தேடிய சொல், கடவுச்சொல் எல்லாம் மறையாக்கத்துக்குள், அதாவது நடுவில் இருப்பவர் படிக்க முடியாத வடிவத்துக்குள், போய்விடும். ஆனால் இணைப்பின் முதல் செய்தியில் "எனக்கு இந்தத் தளம் வேண்டும்" என்று பெயர் சொல்லும் புலம் ஒன்று உண்டு. எஸ்.என்.ஐ. என்பார்கள். பெரும்பாலான இணைப்புகளில் அது இன்னும் வெளிப்படையாகவே போகிறது. புதிய க்விக் நெறிமுறை முதல் செய்தியை மறையாக்கத்தில் சுற்றி அனுப்புகிறது. ஆனால் அதைத் திறக்கும் சாவியை அந்தச் செய்தியில் உள்ள தகவலிலிருந்தே கணக்கிட்டுவிடலாம். நடுவழியில் பார்ப்பவருக்கு அது தடையே இல்லை.

ஆக நிறுவனத்துக்குத் தெரிவது தளத்தின் பெயர், நேரம், இணைப்பு நீடித்த அளவு, போய்வந்த பைட்டுகள். தெரியாதது, அங்கே எந்தப் பக்கத்தைப் படித்தீர்கள் என்பது. இதைச் சொல்லித்தான் "உள்ளடக்கம் இல்லை" என்று சமாதானப்படுத்துகிறார்கள். நள்ளிரவு இரண்டு மணிக்குத் தற்கொலைத் தடுப்பு உதவித் தளம் ஒன்றோடு 40 நிமிடம் இணைப்பு. மறுநாள் காலை மனநல மருத்துவமனை ஒன்றின் தளம். இதில் உள்ளடக்கம் ஒரு வரிகூட இல்லை. வேண்டியதும் இல்லை.

அதே பதிவு பொய்யும் சொல்லும். ஒரு செய்திப் பக்கத்தைத் திறந்தால் விளம்பரம், எழுத்துரு, புள்ளிவிவரக் கணக்கு என்று பல பத்து இடங்களோடு பிரவுசர் தானாகவே இணைகிறது. நீங்கள் அழுத்தாத இணைப்புகளின் பெயர்களைக்கூடச் சில பிரவுசர்கள் முன்கூட்டியே கேட்டு வைக்கும். பையில் கிடக்கும் போனில் செயலிகள் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும். பதிவில் எல்லாம் ஒரே மாதிரி ஒரு வரிதான். எந்த வரியில் மனிதர் இருந்தார், எதில் கருவி மட்டும் இருந்தது என்று பதிவால் சொல்ல முடியாது. ஐ.பி. எண்ணை மட்டும் சேமித்தாலும் இதே சிக்கல். பல தளங்களின் பக்கங்களைத் தங்கள் சர்வர்களிலிருந்து அனுப்பித் தரும் பெரிய உள்ளடக்க விநியோக வலையமைப்புகளில் ஒரே ஐ.பி. எண்ணுக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான தளங்கள் இருக்கலாம்.

அரசுகள் இதைக் கேட்பதற்கு ஒரு நியாயமான காரணம் உண்டு. உங்கள் கருத்துக் கடிதத்தில் அதைத் தாண்டிப் போனால் அங்கேயே பலவீனமாகிவிடுவீர்கள். ஐ.பி.வி.4 என்ற பழைய வகை ஐ.பி. முகவரிகள் தீர்ந்துபோனதால், சேவை நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. ஒரு முகவரியில் 65,536 போர்ட் எண்கள். முதல் 1,024ஐ ஒதுக்கிவிட்டால் 64,512. ஆளுக்கு 1,000 போர்ட் என்று பிரித்தால் 64 குடும்பங்கள் வெளியுலகுக்கு ஒரே எண்ணில் தெரியும். "இந்த முகவரியிலிருந்து இந்த நேரத்தில் ஒரு மிரட்டல் வந்தது, யார்?" என்று காவல்துறை கேட்டால் நிறுவனத்தால் 64 பேரைத்தான் காட்ட முடியும். அந்த நேரத்தில் அந்தத் தளத்துக்குப் போனவர் யார் என்று சேருமிடப் பதிவு இருந்தால் ஒருவரைப் பிரித்தெடுக்கலாம். பிரிட்டன் 2016இல் புலனாய்வு அதிகாரச் சட்டத்தில் இணைய இணைப்புப் பதிவைக் கொண்டுவந்தபோது சொன்ன காரணங்களில் இதுவும் ஒன்று.

இதற்குச் சேருமிடம் தேவையே இல்லாத தீர்வு ஒன்று இருக்கிறது. தளத்தின் சர்வர் தன் பதிவில் வந்தவரின் ஐ.பி. முகவரியோடு போர்ட் எண்ணையும் துல்லியமான நேரத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். இணையத் தரநிலை அமைப்பு 2011இலேயே ஆர்.எஃப்.சி. 6302 என்ற ஆவணத்தில் இதைப் பரிந்துரைத்துவிட்டது. அந்த மூன்றும் கிடைத்தால், "இந்த நேரத்தில் இந்த முகவரியின் இந்தப் போர்ட் தொகுதி எந்த வாடிக்கையாளரிடம் இருந்தது" என்று நிறுவனம் ஒரே வரியில் பதில் சொல்லிவிடும். அவர் வேறெங்கே போனார் என்பது யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. தளங்கள் போர்ட்டைக் குறிக்காமல் விடுவதற்கான விலையை ஊரிலுள்ள எல்லா வாடிக்கையாளர்களின் நாட்குறிப்பாக ஏன் வாங்க வேண்டும்? உங்கள் கடிதத்தின் நடுநாயகமாக இந்தக் கேள்வியை வையுங்கள்.

அளவையும் கணக்குப் போட்டுக் காட்டலாம். ஒரு வாடிக்கையாளருக்கு நாளொன்றுக்கு 10,000 இணைப்புகள், ஒரு வரிக்கு 150 பைட் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு நாளுக்கு 1.5 மெகாபைட், 10 லட்சம் வாடிக்கையாளருக்கு 1.5 டெராபைட், ஓராண்டுக்குச் சுமார் 550 டெராபைட். இதில் பிரதி எடுத்து வைப்பதும், தேடுவதற்கு ஏற்ப அடுக்குவதும் சேரவில்லை. போர்ட் தொகுதி முறையிலோ, ஒரு தொகுதியை ஒருவருக்குக் கொடுக்கும்போதும் திரும்ப எடுக்கும்போதும் மட்டும் குறித்தால் போதும். பதிவு பல மடங்கு சுருங்கிவிடும். நிறுவனங்கள் இன்று நெட்ஃபுளோ என்ற கருவியால் போக்குவரத்தைக் கவனிப்பது உண்மைதான். ஆனால் அது நெரிசலைப் பார்க்க ஆயிரத்துக்கு ஒன்று என்பது போல மாதிரி எடுப்பது. "ஏற்கெனவே வைத்திருக்கும் பதிவுதானே, கூடக் கொஞ்ச நாள் வைத்திருங்கள்" என்று வரைவின் விளக்கக் குறிப்பில் இருந்தால் அது சரியல்ல. ஒவ்வொரு இணைப்பையும் குறிப்பது புதிதாக ஒன்றை உருவாக்குவது.

டென்மார்க் இந்தப் பாதையில் போய்த் திரும்பிய நாடு. 2007 முதல் இணைப்புகளின் தொடக்கமும் முடிவும் பதிவாக வேண்டும் என்று விதித்தது. அது முடியாவிட்டால் வலையமைப்பின் எல்லையில் ஒவ்வொரு 500ஆவது பொட்டலத்தையும் (தரவு துண்டு துண்டாகப் போகும்போது அதில் ஒரு துண்டு) குறித்தால் போதும் என்று சலுகையும் கொடுத்தது. நடந்தது என்னவென்றால், எல்லையில் எடுத்த பதிவில் எந்த வாடிக்கையாளர் என்று தெரியவில்லை. மாதிரி எடுத்ததில் தேடிய இணைப்பு அகப்படவில்லை. விசாரணைக்கு ஏறக்குறையப் பயன்படவில்லை என்று ஒப்புக்கொண்டு 2014இல் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். ஆஸ்திரேலியா வேறு கோட்டைப் போட்டது. 2015இல் வந்த சட்டம் இரண்டாண்டு சேமிப்பைக் கட்டாயமாக்கியது, ஆனால் இணையத்தில் வாடிக்கையாளர் எங்கே போனார் என்பதைச் சேமிக்கத் தேவையில்லை என்று சட்டத்திலேயே எழுதிவிட்டது. பிரிட்டனோ அதையே கேட்டது, அதிகபட்சம் 12 மாதம். ஏறக்குறைய ஒரே காலம், ஒரே நோக்கம், அந்த ஒரு கட்டத்தில் நேரெதிர் முடிவு.

நீதிமன்றங்களின் போக்கையும் இரண்டு வரியில் சேர்த்துக்கொள்ளுங்கள். 6 முதல் 24 மாதம் வரை சேமிக்கச் சொன்ன ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006 உத்தரவை, ஒன்றியத்தின் நீதிமன்றம் 2014 ஏப்ரல் 8 அன்று ரத்து செய்தது. சந்தேகத்துக்கு உரியவர், இல்லாதவர் என்ற பாகுபாடின்றி எல்லோரிடமும் எல்லாவற்றையும் திரட்டுவது கூடாது என்று 2016 டிசம்பரில் மீண்டும் சொன்னது. பிற்பாடு 2020லும் 2024லும் வந்த தீர்ப்புகள், இணைப்பு புறப்பட்ட ஐ.பி. முகவரியைச் சேமிப்பதற்கு நிபந்தனையோடு வழிவிட்டன. எதற்கு வழிவிட்டன என்று கவனியுங்கள்: யாரிடம் இருந்தது என்பதற்கு. இந்தியாவில் 2022 ஏப்ரல் 28 அன்று இணையப் பாதுகாப்புக்கான அரசு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவு, கணினி அமைப்புகளின் பதிவுகளை 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது. வி.பி.என். நிறுவனங்கள் சந்தாதாரர் விவரங்களை ஐந்தாண்டு வைத்திருக்க வேண்டும்.

இனி உங்கள் சொந்தக் கேள்விகள். இன்காக்னிட்டோ இந்த விஷயத்தில் எதையும் செய்யாது. உங்கள் கருவியில் வரலாறும் குக்கியும் தங்காமல் பார்த்துக்கொள்வதோடு அதன் வேலை முடிந்தது. கம்பியில் போவது அப்படியே போகும். பிரவுசர் வரலாற்றை அழிப்பதும் அப்படித்தான்.

செலவில்லாமல் செய்யக்கூடியது டி.என்.எஸ். கேள்வியை மறையாக்கத்தில் அனுப்புவது. ஆண்ட்ராய்டு 9 முதல் நெட்வொர்க் அமைப்புகளில் "பிரைவேட் டி.என்.எஸ்." என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதில் "தானியங்கி" என்று விட்டால், மறையாக்கம் கிடைக்காத இடத்தில் உங்களிடம் சொல்லாமலே பழைய வழிக்கு இறங்கிவிடும். சர்வர் பெயரைக் கைப்பட இடும் மூன்றாவது தேர்வுதான் உறுதியானது. நீங்கள் தேர்ந்தெடுத்த டி.என்.எஸ். சேவை தன் தளத்தில் கொடுத்திருக்கும் பெயரை ஓர் எழுத்தும் பிசகாமல் இடுங்கள். பெயர் பிசகினாலோ, நீங்கள் இருக்கும் வலையமைப்பில் 853ஆம் போர்ட்டை அடைத்திருந்தாலோ எந்தத் தளமும் திறக்காது. போன் கெட்டுவிட்டது என்றுதான் முதலில் தோன்றும். விமான நிலையம் போன்ற இடங்களில் வைஃபையின் உள்நுழைவுப் பக்கம் வராமல் போகலாம். அப்போது மட்டும் தானியங்கிக்கு மாற்றி, நுழைந்த பின் திருப்பிவிடுங்கள். கணினியில் ஃபயர்பாக்ஸின் தனியுரிமை அமைப்புகளில் பாதுகாப்பான டி.என்.எஸ். பகுதி இருக்கிறது, அங்கே "அதிகபட்சப் பாதுகாப்பு" என்ற நிலையைத் தேர்ந்தால்தான் பழைய வழிக்கு இறங்காது. எச்.டி.டி.பி.எஸ். மட்டும் என்ற முறையையும் அதே பக்கத்தில் போட்டுவிடுங்கள்.

இதனால் தளத்தின் பெயர் மறைந்துவிடாது. டி.என்.எஸ். கேள்வி மறைந்தாலும், மேலே சொன்ன எஸ்.என்.ஐ. புலம் இருக்கும் வரை பெயர் கம்பியில் தெரியும். நிறுவனம் தன் டி.என்.எஸ். சர்வரின் பதிவை மட்டும் சேமிக்கிறதென்றால் இது போதும். பொட்டலங்களைப் பிரித்துப் பார்த்துச் சேமிக்கிறதென்றால் போதாது.

வி.பி.என். போட்டால் உங்கள் நிறுவனத்தின் பதிவில் ஒரே ஒரு சேருமிடம்தான் இருக்கும்: அந்த வி.பி.என். சர்வர். நேரமும் அளவும் தெரியும், வேறு எதுவும் தெரியாது. நாட்குறிப்பு அழிந்துவிடவில்லை, எழுதக்கூடிய கை மாறியிருக்கிறது. இலவச வி.பி.என்.களிடம் அந்தக் கையைக் கொடுப்பதைவிட, உரிமமும் முகவரியும் உள்ள சேவை நிறுவனத்திடமே விட்டுவிடலாம் என்பேன். சர்வரை நடத்தப் பணம் எங்கிருந்தோ வந்தாக வேண்டும். கட்டணச் சேவை என்றாலும் நான்கைப் பாருங்கள். நிறுவனம் எந்த நாட்டுச் சட்டத்தின் கீழ் இருக்கிறது, அங்கே சந்தாதாரர் பதிவு கட்டாயமா, "பதிவு வைப்பதில்லை" என்ற வாக்குறுதியை வெளித் தணிக்கையாளர் சோதித்து அறிக்கை வெளியாகியிருக்கிறதா, ஐ.பி.வி.6 என்ற புதிய வகை முகவரியில் போகும் போக்குவரத்தையும் அது சுமக்கிறதா. கடைசியில் சொன்னதில்தான் பலர் கோட்டை விடுவார்கள். வி.பி.என். ஐ.பி.வி.4ஐ மட்டும் சுமந்தால், ஐ.பி.வி.6 உள்ள தளங்களுக்கு உங்கள் இணைப்பு நேராகவே போகும், திரையில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்கும். ஆண்ட்ராய்டில் வி.பி.என். பெயருக்கு அருகிலுள்ள பல்சக்கரத்தை அழுத்தி, எப்போதும் இயக்கத்தில் வை, வி.பி.என். இல்லாத இணைப்பைத் தடு என்ற இரண்டையும் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் இணைப்பு அறுந்து மீளும் சில நொடிகளில் பின்னணிச் செயலிகள் எல்லாம் வெளியே ஓடிவிடும்.

எதையும் மறைக்க வேண்டிய அவசியம் இல்லாதவர் வெறும் பயத்தில் மாதாமாதம் பணம் கட்ட வேண்டியதில்லை. பத்திரிகையாளர், வழக்கறிஞர், குடும்ப வன்முறையிலிருந்து வெளியேறுபவர் ஆகியோர் கதை வேறு. அவர்களுக்கு இது அவசியச் செலவு. அதற்கு முன் உங்கள் கூகுள் கணக்கின் செயல்பாட்டுப் பக்கத்தைத் திறந்து, தானாக அழிக்கும் காலத்தை 3 மாதமாக்குங்கள். சேவை நிறுவனத்துக்குத் தெரியாத தேடல் சொற்கள்கூட அங்கே இருக்கின்றன.

கருத்துக் கடிதத்துக்கு வருவோம். "தனியுரிமை அடிப்படை உரிமை" என்று தொடங்கும் கடிதங்கள் அவர்களிடம் கட்டுக்கட்டாகச் சேரும். பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு, மாற்று வாசகத்தையும் எழுதித் தரும் கடிதம்தான் படிக்கப்படும். அட்டவணையிலிருந்து சேருமிடத்தை நீக்கி, மூல முகவரி, போர்ட் தொகுதி, தொடக்க நேரம், முடிவு நேரம் என்ற நான்கோடு நிறுத்தக் கேளுங்கள். நேரத்தைப் பற்றி ஒரு வரி கட்டாயம் எழுதுங்கள்: எல்லாப் பதிவுகளும் உலகப் பொது நேரத்தில், கடிகாரம் ஒத்திசைக்கப்பட்டு இருக்க வேண்டும். பகிர்வு முகவரியில் ஒரு போர்ட் சில நிமிடங்களில் கைமாறிவிடும். இரண்டு நிமிடம் பிசகிய கடிகாரமோ, தவறாக வாசித்த நேர வலயமோ போதும், பக்கத்து வீட்டுக்காரரின் கதவைத் தட்டுவார்கள்.

யார் கேட்டால் கொடுப்பது என்ற பிரிவில் நீதிபதியின் உத்தரவு இருக்கிறதா, துறை அதிகாரியின் கையெழுத்தே போதுமா என்று பாருங்கள். குற்ற விசாரணைக்கு என்று சேர்த்த பதிவை விவாகரத்து வழக்கிலோ பதிப்புரிமை வழக்கிலோ வரவழைக்க முடியுமா? நிறுவனமே அதை விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாமா? வரைவு மௌனமாக இருந்தால் முடியும், பயன்படுத்தலாம் என்றுதான் பொருள். "பெயரை நீக்கிவிட்டுத் தருவோம்" என்ற வாசகம் இருந்தால் ஏ.ஓ.எல். நிறுவனத்தின் 2006ஆம் ஆண்டு நிகழ்வைக் குறிப்பிடுங்கள். சுமார் ஆறரை லட்சம் பேரின் மூன்று மாதத் தேடல்களைப் பெயருக்குப் பதில் எண்ணிட்டு வெளியிட்டது. தேடல் சொற்களை வைத்தே ஒருவரின் வீட்டைச் செய்தியாளர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். சேமித்ததைத் திருடமாட்டார்களா என்று கேட்க, 2024இல் வெளிவந்த, சால்ட் டைஃபூன் என்ற ஹேக்கர் குழுவின் ஊடுருவல் போதும். அமெரிக்காவின் பெரிய தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்குள்ளேயே புகுந்து வாடிக்கையாளர்களின் அழைப்பு விவரங்களை எடுத்துப் போனார்கள்.

மாற்று வழியாக உறைநிலை உத்தரவை முன்வையுங்கள். குறிப்பிட்ட ஒருவர் மீது சந்தேகம் எழுந்ததும் "அவர் தொடர்பாக இருக்கும் பதிவை அழிக்காதே" என்று நிறுவனத்துக்கு ஆணையிடுவது அது. 2001இன் புடாபெஸ்ட் சைபர்குற்ற உடன்படிக்கை இதற்கு 90 நாள் வரை காலம் தருகிறது, நீட்டிக்கவும் இடமுண்டு. அமெரிக்கச் சட்டத்திலும் 90 நாள், மேலும் 90 நாள் என்று இதே ஏற்பாடு நெடுநாளாக இருக்கிறது. குற்றம் நடந்து பல மாதம் கழித்துத் தெரியவரும் வழக்குகளில் இது கைகொடுக்காது என்பார்கள். அது உண்மைதான். அதற்குத்தான் மேலே சொன்ன நான்கு கட்டங்கள்.

விடுதி வைஃபைக்கு, வரைவின் வரையறைப் பிரிவில் "இணைய சேவை வழங்குநர்" யார் என்று பாருங்கள். "பொதுமக்களுக்குக் கட்டணத்துக்கு" என்று இருந்தால் நீங்கள் பெரும்பாலும் வெளியே. "எவருக்கேனும் இணைய அணுகல் தருபவர்" என்று இருந்தால் நீங்களும் நூலகமும் உணவகமும் உள்ளே. எத்தனை பயனாளருக்குக் கீழே விலக்கு என்று ஓர் எண்ணை எழுதிக் கேளுங்கள்.

சட்டம் வரும் வரை, ரவுட்டரில் "பார்வையிட்ட தளங்கள்" என்ற பதிவு வசதி இருந்தால் அணைத்து வையுங்கள். உங்களிடம் இல்லாத பட்டியலை யாரும் கேட்க முடியாது, திருடவும் முடியாது. எந்தக் கருவிக்கு எந்த உள்முகவரி எப்போது கொடுக்கப்பட்டது என்ற டி.எச்.சி.பி. பதிவு மட்டும் போதும். அதிலும் ஒரு சிக்கல்: ஆண்ட்ராய்டு 10, ஐ.ஓ.எஸ். 14 முதல் போன்கள் தங்கள் வன்பொருள் முகவரியை மாற்றிக் காட்டுகின்றன. அதனால் அந்தப் பதிவிலிருந்து ஆளை அடையாளம் காண முடியாது. நாளை யாரேனும் உத்தரவோடு வந்து நிற்கும்போது 40 பேரையும் காட்டாமலிருக்க, சுவரில் ஒட்டிய ஒரே கடவுச்சொல்லை எடுத்துவிட்டு, தங்குபவருக்கு ஒன்றாகத் தனித்தனிப் பயனர் பெயர் கொடுங்கள். அறையைக் காலி செய்யும் அன்றே அதை முடக்குங்கள்.